நின்றால் கொதிக்கும் கார்

"இது கார் இல்லம்மா, யானை. ஒவ்வொரு நடைக்கும் நாலு டின் தண்ணி குடிக்குது" என்றார் முதலாளி சண்முகவேல். பானெட் இடுக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது.

ஆமத்தூர் தாண்டி ஒரு சின்ன ஊர். தீப்பெட்டிக் கூடு ஒட்ட ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் வெள்ளைத்துரையின் வீட்டு வாசல். விருதுநகர் போகும்போதெல்லாம் முதலாளி இங்கே இறங்கி வேலையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

பின் சீட்டில் கூஜாவோடு உட்கார்ந்திருந்தாள் தேவமணி. மதுரையில் பி.எஸ்ஸி. முடித்து, கம்பெனி ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருப்பவள். அவள் ஊர்க் கீழத்தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள்.

கூஜாவைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். வீட்டுத் தண்ணீர். ஹாஸ்டலுக்குப் போகுமுன் உப்புக் கரித்தது, இப்போது இனித்தது. பிரிந்திருந்து திரும்பினால் எல்லாமே இனிக்கும்போல.

டிரைவர் சங்கிலிமுத்துவும் கீழத்தெருதான். தெருவில் அவளுக்கு அவர் மாமா. காரில் மட்டும் டிரைவர்.

கார் நின்றதும் முதலில் இறங்கி, முன்பக்கம் குனிந்து பார்த்தவர் அவர்தான். இப்போது ஏஜெண்ட் வீட்டுக் கிணற்றுக்கு எட்டத்தில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். காலடியில் டின்கள், வாயில் வெள்ளைத் துணி கட்டியவை.

"மகராசி, முதலாளி வண்டிக்குத்தான். கொஞ்சம் மனசு வைங்க."

"டின்னை அங்கனயே வச்சிட்டுத் தள்ளி நில்லு" என்றாள் ஏஜெண்டின் மனைவி வள்ளித்தாய். "வண்டிக்குன்னு கேக்கியேன்னு ஊத்துறேன்." கயிற்றை உருளையில் போட்டாள்.

தேவமணிக்குக் காது சுட்டது. தண்ணீருக்குப் போய் இந்தக் குழைவா! இந்த ஆளும் தானும் ஒரே தெரு என்பது முதலாளிக்குத் தெரியும் என்ற நினைப்பு அதைவிடச் சுட்டது.

"இன்னைக்குத்தான் கடைசி" என்றார் முதலாளி. "ரெண்டு ஒர்க்‌ஷாப்புல காட்டியாச்சு. வண்டியில ஒண்ணுமில்லைங்கான். அப்ப ஓட்டுறவன்தான் சரியில்ல. உங்க தெரு ஆளுன்னு பாக்காதம்மா, இவனை நிறுத்திட்டு வேற ஆளைப் போடப் போறேன்."

"நான் பாக்கட்டுமா?"

வெள்ளைத்துரை சிரித்தார். "பொம்பளப் பிள்ள காருக்கு வைத்தியம் பாக்கப் போகுதாக்கும்!"

அந்தச் சிரிப்பு போதும். இறங்கினாள். கூஜாவை மட்கார்டு மேல் வைத்துவிட்டு முதலாளியிடம் கேட்டாள். "ஓடுறப்பயும் கொதிக்குமா?"

"ஓடுறப்ப பச்சத்தண்ணி. இங்கன வந்து நின்னாத்தான்."

"நின்னா எஞ்சினை அணைக்க வேண்டியதுதானே?"

"அணைச்சா லேசுல ஸ்டார்ட் ஆகாதாம். ஹேண்டில் போட்டுச் சுத்தணுமாம். எல்லாம் இவன் சொல்றதுதான்."

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஃபேன் சுற்றியது, பெல்ட்டும் தளரவில்லை. முன்பக்கக் கம்பிகளுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினாள். காற்று உள்ளே போகவே இல்லை.

கிணற்றடியிலிருந்து சங்கிலிமுத்து ஓடி வந்தார். "கை சுட்ரும்மா. நீங்க போய் உக்காருங்க, நான் பாத்துக்கிடுறேன்."

"பயப்படாதீங்க டிரைவர். உங்க வேலை போகாது."

கம்பிகளுக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவி இழுத்தாள். பட்டாசுப் பெட்டி அட்டை ஒன்று வந்தது.

"இதான் காத்தை மறிச்சிருக்கு! இனி நாள் பூரா நின்னாலும் கொதிக்காது." எல்லோரும் பார்க்க, அட்டையை உயர்த்திப் பிடித்தாள்.

அதன் பிறகுதான் கவனித்தாள். அட்டையைக் கத்தியால் அளவெடுத்து நறுக்கியிருந்தது. உருவி எடுக்க வாகாக ஒரு சணல் கயிறும் கட்டியிருந்தது. முதலாளியும் கவனித்துவிட்டார்.

"ஏலே சங்கிலி. ஓடுறப்ப இல்லாத அட்டை, நின்னா எங்கேர்ந்துலே வருது?"

சங்கிலிமுத்து கிணற்றடி டின்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப வண்டிக்கு ஒரு கேடும் இல்லையாக்கும்?" வள்ளித்தாய் இறைத்த வாளியைக் கிணற்றுக்குள்ளேயே கவிழ்த்தாள். "இனிமே டின்னைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்துராத."

"சாவியைக் குடு" என்று கையை நீட்டினார் முதலாளி.

எஞ்சினை அணைத்துச் சாவியைக் கொடுத்தார். வேலை போயிற்று. முதலாளியும் ஏஜெண்டும் பேசிக்கொண்டே வீட்டுக்குள் போனார்கள்.

தேவமணி பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள். "எதுக்கு இந்தத் திருட்டு வேலை? உங்களால எனக்கும்ல அசிங்கம்!"

அவர் காலி டின்களைப் பொறுக்கி அடுக்கினார். மட்கார்டு மேல் சரிந்துகொண்டிருந்த கூஜாவை இரண்டு கையாலும் எடுத்தார். மூடியைத் திருகி இறுக்கி, அவளிடம் நீட்டினார். தெருவில் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார்.

"சிந்தாமக் கொண்டு போ, தாயி. நம்ம தெருவுக்கு இனி அம்புட்டுத்தான் நல்ல தண்ணி."