ரிஃபத்துக்கு இண்டர்வியூ

"பன்மொழிக் கல்வியா? அதென்னங்க படிப்பு?" ரிஃபத்தின் ஃபைலைப் புரட்டியபடி கேட்டார், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்த அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் தாளாளர்.

"குழந்தைக்குத் தெரிஞ்ச வீட்டுப் பாஷையில பாடத்தைத் தொடங்கி, மத்த பாஷைகளுக்குக் கூட்டிட்டுப் போறதுங்க."

"இதுக்கு எம்.ஃபில். வேறயா! என்ன வேலை கெடைக்கும்?"

"டீச்சருங்களுக்கு டிரெயினிங் குடுக்கலாம், பாடப்புத்தகம் எழுதலாமுங்க."

"பேசாம கம்ப்யூட்டர் படிச்சிருக்கலாம்" என்று சிரித்தார். "ஊட்டுல என்ன பாஷை?"

"தமிழுங்க. எங்கம்மா பாலக்காடு, அதனால மலையாளமும் பேசுவோம்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் மட்டுந்தானுங்க. வேற பாஷையில வாயத் தொறந்தா ஃபைன்."

வீட்டுக்காரர் என்ன படித்திருக்கிறார், சம்பளம் எவ்வளவு என்று அரை மணி நேரமாகத் துருவியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்த ரிஃபத்துக்கு இப்போது சுருக்கென்றது.

"இத்தனை நேரமும் நீங்க பேசுனது தமிழ்தானுங்களே. உங்களுக்கு யாருங்க ஃபைன் போடுவாங்க?"

ஃபைல் மேசைமேல் பொத்தென்று விழுந்தது.

"ஸாரிங்க. எங்க ஸ்கூலுக்கு நீங்க சரிப்பட்டு வரமாட்டீங்க. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."

"சரிப்பட்டு வர வேண்டியது நானில்லீங்களே!"

எழுந்தவள், பக்கத்து நாற்காலியில் காத்திருந்து காத்திருந்து தூங்கிப்போயிருந்த மூன்று வயது மகன் சஹீரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எல்.கே.ஜி.யில சேர வந்தது இவனுங்க. ஒருக்காவாச்சும் இவன் பேரக் கேட்டீங்களா?"