இளைப்பாற்றிப் பூசை

"சாமி, வர்ற ஞாயித்துக்கிழமைப் பூசையில ஒரு பேரு வாசிக்கணும். அமல்ராஜ் ஆத்துமா இளைப்பாற்றிக்காகன்னு. குடுத்தது அண்ணன் இருதயம்னும் சேர்த்து வாசிங்க."

அந்தப் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஜோ சாமியார் நாற்காலியைக் காட்டினார். இருதயம் உட்காரவில்லை. உட்காரவைத்து நயமாகப் பேசுகிற யாரையும் அவர் நம்புவதில்லை.

"உங்க கூடப்பிறந்த தம்பியா ஐயா?"

"ஆமா."

"எப்படிப்பட்டவர்?"

"நல்லாப் பேசுவான்."

இருதயத்திடம் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. சாமியாருக்கு அது தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தீங்களா?"

"இருந்தோம். சின்னமனூர் ரோட்டுல எங்க அய்யா விட்டுட்டுப் போன திராட்சைத் தோட்டம் இருக்கு. ஆளுக்குப் பாதி. நான் கொடிக்கு மருந்து அடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அவன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயி மொத்தத்தையும் தன் பேருக்கு மாத்திட்டான்."

"உங்க கையெழுத்து இல்லாம எப்படி மாத்த முடியும்?"

"என் கையெழுத்தே தேவைப்படாத மாதிரி பண்ணிட்டான்."

இருதயம் தொடர்ந்தார்.

"அதுகூடப் போகட்டும் சாமி. அந்த வருசம் முதல் காய்ப்புன்னு ஒரு கூடை பன்னீர்த் திராட்சையைக் கொண்டாந்து பீடத்துல வச்சான். அதுல பாதி என் கொடியில காய்ச்சது. ஊரே அவனைப் பார்த்துக் கும்பிடுது. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. அன்னையிலருந்து நான் நன்மை வாங்குறதில்ல."

"நாலஞ்சு மாசமாவா?"

"நாலு வருசமா. பூசைக்கு வருவேன். அந்த நற்கருணை அப்பத்தைக் குடுக்கிற நேரத்துல எல்லாரும் எந்திரிச்சு வரிசைக்குப் போவாக, நான் மட்டும் உக்காந்திருப்பேன். பர்லோக மந்திரத்துல, கெடுதல் பண்ணினவகளப் பொறுக்கிறோம்னு ஒரு இடம் வருதுல்ல, அங்கன வாயை மூடிக்குவேன். பொறுக்காமயே பொறுத்துட்டேன்னு பொய் சொல்லிப்புட்டு, அதே நாக்கை எப்படிச் சாமி ஆண்டவருக்கு நீட்டுறது?"

"இப்பப் பொறுத்துட்டீங்களா?"

"பாதித் தூரம் வந்துட்டேன். மீதியை நடக்கத்தான் இந்தப் பூசை."

"அப்ப தோட்டத்துக்குக் கோர்ட்டு, கேசுன்னு ஏதும் இருக்கா?"

"அது பாட்டுக்கு நடக்கும். பொறுக்கிறது வேற, தோட்டம் வேற."

ஜோ சாமியார் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு பண்ணின தம்பியோட ஆன்மாவுக்காகப் பூசை கேக்கிறீங்களே, இந்த மனசு யாருக்கய்யா வரும்?"

"புகழாதீக சாமி. பேரை மட்டும் நல்லா சத்தமா வாசிங்க" என்று சொல்லிவிட்டு இருதயம் படியிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பெட்டியிலிருந்து கல்யாண வேட்டியை எடுத்து உதறுவதைப் பார்த்து மனைவி பிலோமினா வாயைப் பிளந்தாள்.

"பூசைக்குப் பேரு குடுத்திருக்கீகளாமே? யாருக்கு?"

"கோயில்ல வாசிப்பாக, கேட்டுக்க."

"நன்மை வாங்குவீகளா? இல்ல, வழக்கம்போலப் பெஞ்சுக்குக் காவலா?"

"உன் வாய்க்குத்தான் முதல்ல மந்திரிக்கணும். நட."

கோயில் நிறைந்திருந்தது. இருதயம் எப்போதும்போலக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை தொடங்குமுன் ஜோ சாமியார் மைக்கைச் சரிசெய்துகொண்டு, கேட்டுக்கொண்டபடியே சத்தமாக வாசித்தார்.

"இன்றைய திருப்பலி, மரித்த அமல்ராஜ் அவர்களின் ஆன்மா இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர், அண்ணன் இருதயம்."

பெண்கள் பக்கம் யாரோ "யேசுவே!" என்று நெஞ்சில் கைவைத்தார்கள். பிலோமினாவின் முக்காடு நழுவியது. முதல் பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் துள்ளி எழுந்தான்.

"சாமி! நான்தான் அமல்ராஜ்! குத்துக்கல்லாட்டம் இந்தா நிக்கிறேனே, நான் எங்க செத்தேன்? யாரைக் கேட்டு என் பேரை வாசிச்சீக?"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. இருதயம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக நடந்து முன்னால் வந்தார்.

"கத்தாதலே. நீ செத்ததையாவது சாமி ஒருத்தருதான் நம்பினாரு. எனக்கு அப்படியா?"

அமல்ராஜின் முகம் வெளுத்தது. சிரிப்பு நின்றது. இருதயம் தம்பியின் எதிரில் நின்று, பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது கும்பிடுவதுபோல இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு பீடத்தின் பக்கம் திரும்பினார்.

"மீதித் தூரமும் வந்துட்டேன் சாமி. அண்ணன் செத்துட்டான், வாரிசு நான் ஒருத்தன்தான்னு இவன் எழுதிக் குடுத்தது தெரிஞ்சன்னைக்கு, தாலுகா ஆபீசுல நானும் இப்படித்தான் குத்துக்கல்லாட்டம் நின்னு கத்தினேன். இப்ப ரெண்டு பேருமே செத்தாச்சு, எனக்கு நன்மை குடுங்க, இவன்கிட்ட முதல்ல பாவசங்கீர்த்தனம் கேளுங்க."