அடுப்படிப் பலகை

மகள் பிரசவத்துக்குப் போன அம்சவேணி திரும்புவதற்குள், அவள் பல வருஷமாகக் கேட்ட புதுச் சமையலறையைக் கட்டி முடித்துவிட்டார் சிங்காரவேலு. மேடை உயரம் எவ்வளவு என்று கொத்தனார் கேட்டபோது தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பழைய அடுப்படியில் மேடைக்குக் கீழே எப்போதும் கிடந்த தடித்த மரப்பலகையை, எதற்கென்றே யோசிக்காமல், இடிபாட்டோடு வண்டியில் ஏற்றிவிட்டார்.

வந்ததும், கூடியிருந்த சொந்தக்காரர்கள் அவளைப் பால் காய்ச்சச் சொன்னார்கள். அவருடைய தோளுக்கும் எட்டாத அம்சவேணி குதிகாலைத் தூக்கி எக்கினாள். பாத்திரத்தின் விளிம்புதான் தெரிந்தது. பால் நுரைத்து எழும்பியதும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“பொங்கிடுச்சாங்க?” என்று அவரிடம் கேட்டாள்.

“ம்” என்றார். அவளுடைய வலது கால் மட்டும், வழவழப்பான புதுத் தரையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.