முதல் டப்பா இலவசம்

பால்புட்டியைக் குலுக்கி, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள் நர்ஸ். அவள் இடது கையில், வெள்ளைத் துண்டு சுற்றிய குழந்தை சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் காத்திருந்த நாள் இது.

பால் பவுடர் கம்பெனி மேனேஜர் இன்று காலையில்தான் தாத்தா ஆகியிருந்தார். இதே பிரசவ வார்டில், கடைசிக் கட்டிலில், திரை மறைவில் அவர் மகள் படுத்திருந்தாள். "பேரன் பிறந்திருக்கான், வாங்க சார்" என்று போன் பண்ணியதே நர்ஸ்தான்.

வாரா வாரம் வார்டுக்கு வருகிற மனிதர்தான். பிள்ளை பெற்றவள் ஒவ்வொருத்தியிடமும், "உங்க பால் தண்ணியா இருக்கும்மா, பாப்பாவுக்குப் பத்தாது. இந்தாங்க, முதல் டப்பா இலவசம்" என்று பல்லெல்லாம் தெரிய நீட்டுவார். நேற்று அவர் கொடுத்துவிட்டுப் போன டப்பாக்கள் கட்டிலுக்கு ஒன்றாகத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தன.

இவளும் ஒரு காலத்தில் இதே வார்டில், இதே சிரிப்பை நம்பிக் கை நீட்டியவள்தான். இலவச டப்பா தீர்வதற்குள் தாய்ப்பால் வற்றிவிட்டது. புருஷன் சம்பளத்தில் பாதி டப்பாவுக்கே போக, கடைசியில் ஒரு கரண்டி பவுடருக்கு இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. எட்டாம் மாதம் தொட்டில் காலியானது.

அதற்கப்புறம்தான் அவள் நர்ஸ் படிப்பு படித்தது. "வாங்காதீங்கம்மா" என்று எத்தனை பேரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருப்பாள்! கோட்டு போட்டவர் பேச்சு எடுபடுமா, இவள் பேச்சு எடுபடுமா? அவருக்கோ இவள் முகம்கூட ஞாபகமில்லை.

வாசலில் மேனேஜர் தலை தெரிந்தது. ஆறாம் கட்டிலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, புட்டியைக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனாள் நர்ஸ்.

"சிஸ்டர்! என்ன பண்றீங்க?" பூங்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர், புட்டியை வெடுக்கென்று பிடுங்கினார்.

"பால் கொடுக்கிறேன் சார். உங்க கம்பெனி டப்பாதான்."

"யாரைக் கேட்டுக் கொடுக்கிறீங்க? என் பேரன் வாயில இந்தக் கருமம் படக் கூடாது!"

"தாய்ப்பாலைவிடச் சத்துன்னு நேத்துகூட நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அது விக்கிறதுக்குச் சொல்றது! நாலு நாள் இதைப் பழக்கினா தாய்க்குப் பால் நின்னுடும். அப்புறம் குழந்தை வளர்ற வரைக்கும் எங்க டப்பாவே கதின்னு கிடக்கணும். என் பொண்ணுக்கு என்ன தலையெழுத்தா?"

யாரோ ஒருத்தி தன் டப்பாவைக் குப்பைக் கூடையில் எறிந்த சத்தம் டங்கென்று கேட்டது. இன்னொன்று. இன்னும் ஒன்று.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அத்தனை கட்டிலிலிருந்தும் கண்கள் அவரையே பார்த்தன.

நர்ஸ் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க பேரன் அங்கே அவங்க அம்மாகிட்ட பால் குடிச்சுக்கிட்டிருக்கான். இது வேற வீட்டுப் பிள்ளை, சார்... இதுக்குக் கொடுக்கலாமா?"