பதினொரு செடிகள்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஹர்ஷினி கரையை நோக்கி ஓடினாள். முசரவாக்கம் ஏரிக்கரை மொட்டையடித்ததுபோல் இருந்தது.

வறண்ட நிலத்துக் காட்டுச் செடிகளைக் கணக்கெடுப்பது அவள் வேலை. இந்தக் கரையில் பெயர் தெரியாத பதினொரு செடிகளுக்கு அடையாளமாக நூல் கட்டிவிட்டு, மழைக்குப் பூத்தால் இனம் தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள்.

நூறு நாள் வேலைப் பெண்கள் மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கரையில இருந்த செடியெல்லாம் எங்கம்மா?"

"வெட்டிப் போட்டுட்டோம். அதுக்குத்தான கூலி," என்றாள் செல்லியம்மாள்.

ஹர்ஷினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"எதுக்கும்மா அழுதுக்கினு இருக்குற? வேண்டுதல் கட்டினவ நீதானா? அத எவளாவது வெட்டுவாளா? வந்து பாரு."

தண்ணீர்ப் பக்கச் சரிவில் பதினொன்றும் நின்றன. பக்கத்து வீட்டுத் தறியில் மிஞ்சியதென்று ஹர்ஷினி வாங்கி வந்து கட்டிய நூல் மஞ்சள் நிறம். ஒவ்வொரு செடியடியிலும் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். ஒன்று நீலமாகப் பூத்திருந்தது.

"நாங்களும் உனக்காக வேண்டிக்கினோம். நெனச்சது நடந்துச்சாம்மா?"

செல்லியம்மாளைப் பார்த்துக் கைகூப்பினாள் ஹர்ஷினி.

"நடந்துடுச்சும்மா."