கொழுந்து நிறைந்த பிறகு

துஷாந்தி தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் படியில் உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிறாள். அவள் குடிக்கும் கடைசித் தேத்தண்ணி அது. மடுல்கெல்ல மலையில் மழை விட்டு, தகரக் கூரையில் பட்ட வெயில் கண்ணைக் குத்துகிறது. தலைவலிக்கு நெற்றியை இறுகக் கட்டியிருக்கிறாள். வீங்கிய கால்கள் நுழையாத செருப்புகள் பக்கத்தில் கிடக்கின்றன. எட்டு மாதம். "பிரசர் ஏறியிருக்கு, நிக்காம கண்டிக்குப் போங்க" என்று மருத்துவிச்சி காலையிலேயே சொல்லிவிட்டாள். இந்தப் பாதையில் ஆட்டோ ஏறாது. தோட்டத்து லொறிதான் கதி. லொறி எதிரிலேயே நிற்கிறது. கொழுந்துச் சாக்குகள் ஒவ்வொன்றாகத் தராசில் தொங்குகின்றன. "ஐயா, மொதல்ல இவள கொண்டுபோய் விடச் சொல்லுங்க" என்கிறான் அவள் புருஷன் லோகேஸ். "கொழுந்து செவந்துபோனா தொரைக்கு நீயா பதில் சொல்லுவ?" தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார் கணக்கப்பிள்ளை. "இவளுக்கு ஒண்ணு ஆனா யாருங்கய்யா பதில் சொல்றது?" "ஏன்டா, ஒலகத்துல ஒம் பொஞ்சாதிதான் மொதமொதலா புள்ள பெக்குறாளா?" சாக்குத் தூக்குகிறவர்கள் சிரிக்கிறார்கள். லோகேஸ் பாய்ந்து தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொள்கிறான். விரல்கள் வெளுக்கின்றன. "விடுங்க, வம்பு வேணாம். வெறும் தலவலிதானே" என்கிறாள் துஷாந்தி. அவன் விடுகிறான். அடுத்த சாக்கு தொங்குகிறது.

வழியில் வலிப்பு வந்தவள் கண்டியில் கண் திறக்கவில்லை. மாதம் நிறையாமல் அறுத்தெடுத்த மகள் பிழைத்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். லொறி இன்றைக்கும் கொழுந்து நிறைந்த பிறகுதான் கிளம்புகிறது.