மூஸ் மூக்குத் தகராறு

ஏரிமேல் மிதவை விமானம் உறுமிக்கொண்டு நின்றது. பிலோமின் அக்கா ஏற மாட்டேன் என்று கரையில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைத் திறந்து சரிசெய்யாவிட்டால், ஏரி உறையும்வரை தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கரையின் மறுகோடியில் அவள் தம்பி ஹொரேஸ். வழக்கம்போல வாயே திறக்கவில்லை.

வெளியிடத்தில் இவர்கள் இருவரும் பேசி, கனடாவின் வடகாட்டுப் பழங்குடியான எங்கள் க்ரீ ஜனம் கேட்டதே இல்லை. எப்போதோ ஹொரேஸ் மூஸ் மான் அடித்தபோது, அக்காவுக்குப் போகவேண்டிய மூக்கு, மூஸிலேயே ருசியான கறி, அவன் மாமியார் வீட்டுச் சட்டிக்குப் போய்விட்டது. அதிலிருந்துதான் என்பது ஊர் கட்டிய முடிவு.

நான் தோல் வியாபாரி. நரித்தோலை நீட்டுகிறவனின் விரலைப் பார்த்தே எந்த விலைக்கு இறங்குவான் என்று சொல்லிவிடுவேன். ஒரு மூக்குத் தகராறு தீர்க்க முடியாதா?

"டேய் ஹொரேஸ், ஒரு வார்த்தை சொல்லி ஏத்தி விடுடா. அடுத்த மூக்கு என் செலவு!"

அவன் காதைச் சொறிந்தான்.

"சொறியற நேரமாடா இது?"

அக்கா முகவாயைத் துடைத்தாள். அவன் தொப்பியைக் கழற்றி மாட்டினான். மறுபடி காது.

அவள் எழுந்தாள். பையை எடுத்தாள். ஏறிவிட்டாள்.

பேரம் படிந்துவிட்டது, யார் என்ன கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

விமானம் மேகத்துக்குள் போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

"நீ தோல் மூட்டைக்குள்ள ஒளிஞ்சு தப்பிச்சவன், உனக்கெங்க தெரியும்?" என்றான். "சின்ன வயசுல இதே மாதிரி விமானம்தான் எங்களை அந்த வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துக்கு அள்ளிட்டுப் போச்சு. பொண்ணுங்க ஒரு பக்கம், பசங்க ஒரு பக்கம். கூடப் பொறந்தவகிட்டப் பேசினாலும் பெல்ட்டடி. அதான் காது, தொப்பி எல்லாம்."

"அதை இழுத்து மூடி எத்தனை காலமாச்சு! இப்ப வாயாலேயே பேசலாமேடா?"

அவன் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தான். கரையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"சரி, காதைத் தொட்டா என்ன அர்த்தம்?"

நாய்க்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னான்:

"என் ரொட்டியில பாதி உனக்கு ஒளிச்சு வெச்சிருக்கேன். வந்து வாங்கிக்கோ."